எழுத்து தெரிந்தும் படிக்க முடியாத கல்வெட்டுகள்

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் பலவற்றில் இயற்கையான குகைகள் உள்ளன. அவற்றில் சமணத் துறவிகளுக்காகக் கற்படுக்கைகள் வெட்டப்பட்டுள்ளன. அருகே சில வரிகளும் பொறிக்கப்பட்டுள்ளன. மேலூர் வட்டாரத்திலுள்ள மாங்குளம் குகைக் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். ஆனால் அவற்றில் ஒரு பாண்டியனின் பெயர் இருப்பது தெரிய மேலும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஏன் இவ்வளவு தாமதம்?

எழுத்து தெரியாததன்று காரணம். அது பிராமி எழுத்து. அசோகர் கல்வெட்டுகளிலிருந்து அதன் ஒலிகளை 1837-லேயே ஜேம்ஸ் பிரின்செப் கண்டுபிடித்துவிட்டார். எனினும் அவ்வொலிகளைக் கொண்டு மாங்குளம் வரிகளைப் படித்தால் பொருள் விளங்கவில்லை.

முதல் தடையை நீக்கியவர் கே. வி. சுப்பிரமணிய ஐயர். வடமொழிக்குரிய வர்க்க எழுத்துகள் இக்குகைகளில் பெரும்பாலும் இல்லை. மாறாக, ழ, ற, ன போன்றவற்றுக்குத் தனி வடிவங்கள் உள்ளன. எனவே இதன் மொழி தமிழே என 1924-இல் சென்னையில் நடந்த கீழ்த்திசை மாநாட்டில் அவர் எடுத்துரைத்தார்.

இரண்டாவது தடை எழுத்து முறையில் இருந்தது. வடநாட்டுப் பிராமியில் தனியாக நிற்கும் எழுத்து 'க' என ஒலிக்கும். பக்கத்தில் ஒரு சிறு கோடு சேர்த்தால் 'கா' ஆகும். தொடக்கக் காலத் தமிழ்க் குகைகளிலோ கோடில்லாத எழுத்து வெறும் 'க்'. கோடு சேர்ந்தால் 'க' அல்லது 'கா'. எது என்பதைச் சொல்லின் பொருளே முடிவு செய்யும். இம்முறையில் 'மகன்' என்று எழுதி, அதை வடநாட்டு விதிப்படி படித்துப் பாருங்கள்: 'மாகான' என்று வரும்! மெய்க்குப் புள்ளி வைக்கத் தொல்காப்பியம் விதிப்பதன் பயன் இங்கே நன்கு விளங்கும்.

இம்முறையை வகுத்துக் காட்டியவர் ஐராவதம் மகாதேவன். 1960-களில் அவர் மாங்குளத்தில் 'நெடுஞ்சழியன்' என்ற பெயரைப் படித்தார். கணி நந்தன் என்னும் துறவிக்கு அம்மன்னனின் பணியாளன் கடலன் வழுதி உறைவிடம் அமைத்துத் தந்த செய்தி வெளிப்பட்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென அவர் கணித்த இக்கல்வெட்டு, இலக்கியத்தில் மட்டுமே அறிந்திருந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டியர் பெயருக்குக் கல்லிலேயே சான்றாயிற்று.

நடு அமெரிக்காவின் மாயர் எழுத்திலும் இத்தகைய ஒரு விதியே வழி திறந்தது. வான்கோழியைக் குறிக்கும் 'குட்ஸ்' என்னும் சொல்லை அவர்கள் 'கு', 'ட்ஸு' என்ற இரு குறிகளால் எழுதினர். இறுதி உயிர் எழுத்தில் உண்டு, பேச்சில் இல்லை. உருசிய அறிஞர் யூரி குனோரோசவ் 1952-இல் இவ்வழியைக் காட்டினார்.

ஒரு விதி சரியா என்று எப்படி அறிவது? இயற்பியலில் செய்வது போலத்தான்: ஒரு சொல்லுக்குப் பொருந்தினால் போதாது, அடுத்த வரிக்கும், அடுத்த குகைக்கும் பொருந்த வேண்டும். ஆகவே ஒவ்வொரு வரியும் ஒரு சோதனைச் சான்று. பாறையை உடைத்தாலோ, அதன்மேல் பெயரைக் கிறுக்கினாலோ, அச்சான்று மீண்டும் கிடைக்காது. குன்றுகளைக் காணச் செல்லும் மாணவர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.