உண்டியலும் மின்னலும்

பெரியபாளையம் பவானி அம்மன் சன்னிதியில் உண்டியல் என்றால் காணிக்கைப் பெட்டி. நகரத்தார் ஏடுகளில் அச்சொல்லின் பொருள் வேறு: ஓரூரில் கட்டிய பணத்தை வேற்றூரில் பெற்றுக்கொள்ளும் சீட்டு. கண்டவுடன் பணம் தரவேண்டியது தர்சன உண்டி. நாள் கடந்து தருவது தவணை உண்டி.

இரங்கூனில் கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் வெள்ளிக்காசு கப்பலேறவில்லை. இரு கடைகளின் பேரேடுகளில் பற்றும் வரவும் ஒன்றையொன்று கழித்தன. எஞ்சிய நிலுவை மட்டுமே தீர்க்கப்பட்டது. நேர்க்கணக்கில்லாத கடைகளுக்கு நடுவே அடத்திக்கடை எனும் பெருங்கடை நின்றது. அதற்கும் மேலே மதராஸ் வங்கி. 1921 முதல் இம்பீரியல் வங்கி.

2009-இல் பிறந்த பிட்காயினில் இவ்வடுக்குகள் இல்லை. உலகுக்கெல்லாம் ஒரே பேரேடு. ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒரு பக்கம். அதிகம் போனால் நொடிக்கு ஏறத்தாழ ஏழு பதிவுகளே. தேநீர்க்கடைக்கு இது ஆகுமா? 2016-இல் ஜோசப் பூன், தாடியஸ் டிரைஜா இருவரும் வரைந்த 'மின்னல்' வலையமைப்பு இக்குறைக்கு விடை தேடியது. இருவர் ஒரு தொகையைப் பேரேட்டில் பூட்டிவைத்து, அன்றாடக் கொடுக்கல் வாங்கலைத் தமக்குள்ளேயே எழுதி, இறுதி நிலுவையை மட்டும் பதிவர். மூன்றாமவர்க்கு இடையாளர் வழியே பணம் போகும். அடத்திக்கடையின் மறுபிறப்பென்றே கூறுவோம்.

ஆயினும் பிணை வேறு. உண்டியை மறுத்த கடை பெயரிழந்தது. இங்கோ பழங்கணக்கைக் காட்டி ஏய்ப்பவன் அகப்பட்டால், பூட்டிய தொகை முழுவதும் எதிராளிக்குப் போகும்.

நம்மூர்த் தேநீர்க்கடையில் இன்று தொங்கும் சதுரக்கட்ட அட்டை யூபிஐ-யினுடையது. 2016-இல் வந்த அதிலும் வங்கிகள் தமக்குள் நிலுவையையே தீர்க்கின்றன. பிட்காயினில் தேநீர் அருந்துவோரோ, 2022 முதல், அந்நாணயத்தின் விலையேற்றத்தில் பெற்ற ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரியும் கணக்கிட வேண்டும்.