இலங்கைத் தேயிலை: ஏற்றுமதிக்கு முந்தைய தரப் பரிசோதனை

கொழும்பிலிருந்து கப்பலேறும் தேயிலையின் தரத்தை இலங்கைத் தேயிலைச் சபை கண்காணிக்கிறது. அடிப்படை அளவுகோல் ஐஎஸ்ஓ 3720: நீரில் கரையும் சாரம் குறைந்தது 32 சதவீதம், மொத்தச் சாம்பல் 4 முதல் 8 சதவீதம்.

ஆய்வக எண்களால் மட்டும் தேநீரை எடைபோட முடியாது. சுவைஞரின் நாக்கும் வேண்டும். ஐஎஸ்ஓ 3103 முறைப்படி 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூளிட்டு, மூடிய பீங்கான் பாத்திரத்தில் 6 நிமிடம் ஊறவிடுகிறார்கள். சுவைஞர் ஒரு மிடறைச் சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றித் துப்புகிறார். பிறகு ஊறிய இலையின் நிறத்தைப் பார்த்து, முகர்ந்தும் பார்க்கிறார். புகை வாடையோ பூஞ்சண வாடையோ இருந்தால் அங்கேயே பிடிபடும்.

பூச்சி நாக்குக்குத் தெரியாது. 2017 டிசம்பரில் ஒரு சரக்கில் கப்ரா வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் அம்மாத இறுதியிலேயே தடை நீங்கியது.