தமிழ்நாட்டில் சட்ட முதுநிலைப் படிப்பு

சட்ட முதுநிலைப் படிப்பு என்பது சட்டத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் சட்டத்தின் ஒரு துறையை ஆழமாகக் கற்பதற்கான பட்டப் படிப்பாகும். தமிழ்நாட்டில் இது எம்.எல். எனவும் எல்.எல்.எம். எனவும் வழங்கப்படுகின்றது. வழக்கறிஞராகப் பதிவு செய்ய இப்பட்டம் தேவையில்லை; உரிமையியல் நீதிபதி பதவிக்கும் இது கட்டாயமன்று. கற்பித்தல், ஆய்வு, சிறப்புத் துறையில் வழக்காடுதல் ஆகியவற்றை நாடுவோரே பெரும்பாலும் இதில் சேர்கின்றனர். ஆதலால் கல்வி நிறுவனத்தைத் தெரிவு செய்வதில் அதன் புகழைக் காட்டிலும் அங்குக் கற்பிக்கப்படும் சிறப்புத் துறையே முதன்மை பெறுகின்றது. பல சட்டத் துறைகள் ஒருங்கே சந்திக்கும் விருதுநகர் மாவட்டமும் சிவகாசிப் பட்டாசுத் தொழிற்பகுதியும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டுகளாகும்.

வரலாறு

சென்னைச் சட்டக் கல்லூரி 1891 இல் தொடங்கப்பட்டது. 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின்கீழ் இந்திய வழக்கறிஞர் கழகம் சட்டக் கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பைப் பெற்றது. மாநிலத்தின் சட்டக் கல்லூரிகளை ஒருங்கிணைக்கும் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவானது. திருச்சிராப்பள்ளி அருகே நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திற்கான சட்டம் 2012 இல் இயற்றப்பட்டது.

தகுதியும் காலமும்

மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டு சட்ட இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் இதில் சேரலாம். மரபாக இது நான்கு பருவங்கள் கொண்ட ஈராண்டுப் படிப்பாகும். 2013 இல் பல்கலைக்கழக மானியக் குழு ஓராண்டுப் படிப்புக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் பல அதனைப் பின்பற்றின. வழக்கறிஞர் கழகம் 2020 ஆம் ஆண்டு விதிகளில் ஓராண்டுப் படிப்பை நீக்க முனைந்தபோது அது உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. எனவே ஓராண்டுப் படிப்பில் சேர்வோர், அப்பட்டம் தாம் நாடும் பணிக்கு ஏற்கப்படுமா என்பதை முன்னரே உறுதி செய்துகொள்வது தேவையாகின்றது.

உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு மதிப்பெண்ணில் 5 விழுக்காடு தளர்வு உண்டு.

சிறப்புத் துறைகள்

சென்னையிலுள்ள சட்டப் பல்கலைக்கழகத்தில் அரசமைப்புச் சட்டம், குற்றவியல் சட்டம், வணிகச் சட்டம், அறிவுசார் சொத்துரிமை, பன்னாட்டுச் சட்டம், மனித உரிமைகள், சுற்றுச்சூழல் சட்டம், தொழிலாளர் சட்டமும் நிருவாகச் சட்டமும் முதலிய துறைகள் இடம்பெற்றுள்ளன. எல்லா நிறுவனங்களிலும் எல்லாத் துறைகளும் கிடைப்பதில்லை.

சிவகாசிப் பகுதியும் சட்ட ஆய்வும்

பட்டாசுத் தொழில் ஒரே சட்டத்தால் ஆளப்படுவதன்று. 1884 ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008 ஆம் ஆண்டின் விதிகளும் உரிமத்தை ஒழுங்குபடுத்துகின்றன. வெடிபொருளின் அளவைப் பொறுத்து உரிமம் மாவட்ட நிருவாகத்தாலோ மத்திய அரசின் வெடிபொருள் கட்டுப்பாட்டு அமைப்பாலோ வழங்கப்படுகின்றது. நீண்டகாலம் 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழிருந்த பணியிடப் பாதுகாப்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்றின்கீழ் வந்துள்ளது.

குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம். சி. மேத்தா எதிர் தமிழ்நாடு மாநிலம் என்னும் வழக்கு இப்பகுதியிலிருந்தே எழுந்தது. 1990 இல் வழங்கிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் சிறுவர்களை ஈடுபடுத்தக் கூடாது என்றது. எனினும் பொதி கட்டும் வேலையை அனுமதித்தது. 1996 டிசம்பர் 10 ஆம் நாள் தீர்ப்பு, சட்டத்துக்கு மாறாகப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது. 2016 ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைப் பொதுவாகத் தடை செய்தது.

2018 அக்டோபர் 23 இல் வெளிவந்த அர்ஜுன் கோபால் வழக்குத் தீர்ப்பு பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடை செய்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. தூய காற்றுக்கான உரிமையும் தொழிலாளரின் வாழ்வாதாரமும் இவ்வழக்கில் எதிரெதிரே நின்றன.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேரும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் நிகழ்ந்த விபத்தில் 20 க்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர். உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடும்போது பொறுப்பு யாருடையது, இழப்பீடு யாரிடமிருந்து பெறப்படும் என்பன இன்றும் ஆய்வுக்குரிய வினாக்களாகும். இவற்றை ஆராய விரும்புவோர்க்குத் தொழிலாளர் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம் ஆகியவற்றைக் கற்பிக்கும் நிறுவனங்களே பொருத்தமானவை.

தெரிவில் கருதப்படுபவை

* ஏற்பு: பட்டம் பல்கலைக்கழக மானியக் குழுவாலும் வழக்கறிஞர் கழகத்தாலும் ஏற்கப்பட்டதா என்பது.
* வழிகாட்டி: ஆய்வேடு இப்படிப்பின் இன்றியமையாத பகுதியாதலால், விரும்பும் துறையில் வழிகாட்டக்கூடிய ஆசிரியர் உள்ளாரா என்பது.
* களமும் நீதிமன்றமும்: மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் திருவில்லிபுத்தூரில் உள்ளது. 2004 ஜூலை 24 இல் தொடங்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆளுகையில் விருதுநகர் மாவட்டமும் அடங்கும். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது.
* செலவு: அரசு நிறுவனங்களில் கட்டணம் குறைவு. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் மிகுதி. அவற்றுள் பெரும்பாலானவற்றில் சேர கிளாட் எனப்படும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்னையில் தங்கிப் படிக்கும் செலவும் கணக்கில் கொள்ளத்தக்கது.
* இட ஒதுக்கீடு: மாநிலப் பல்கலைக்கழகத்தில் 69 விழுக்காடு ஒதுக்கீடு பின்பற்றப்படுகின்றது.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் முழுநேர எல்.எல்.எம். பொதுவாக ஓராண்டுப் படிப்பாகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில, சட்டம் பயிலாதவர்களுக்கும் சட்டவியல் முதுநிலைப் பட்டம் வழங்குகின்றன. அப்பட்டம் வழக்காடும் உரிமையைத் தராது.

இவற்றையும் பார்க்க

* தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம்
* இந்திய வழக்கறிஞர் கழகம்
* சிவகாசி
* குழந்தைத் தொழிலாளர்