தரங்கம்பாடியில் ஒரு பனிக்காலை

எங்கள் சானமாவுப் பக்கத்தில் மார்கழிப் பனி என்பது ரசிக்கிற விஷயம் அல்ல. யானைக்குப் பயப்படுகிற விஷயம். ராகி அறுவடைக் காலத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து இறங்கும் கூட்டம், பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. ஆகையால், சென்ற மார்கழியில் தரங்கம்பாடிக்குப் போயிருந்தபோது, விடியற்காலையில் கடற்கரை முழுவதும் வெள்ளையாய் மூடிக் கிடந்ததைக் கண்டதும், பழக்க தோஷத்தால் என் கால்கள் தயங்கி நின்றன. எதிரே ஏதோ ஒரு பெரிய உருவம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. நல்ல வேளை, அது டேனிஷ்காரர்களின் கோட்டை!

யானையாவது வயிறு நிறைந்ததும் காட்டுக்குத் திரும்பிவிடும். 1620-ல் மிளகு வாங்க வந்த டேனிஷ்காரர்களோ, இடையில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த சில ஆண்டுகள் போக, 1845 வரையில் இங்கேயே தங்கிவிட்டார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கர் அவர்களுக்குக் கோட்டை கட்ட இடம் கொடுத்தார். ஆண்டுக்கு 3,111 ரூபாய் கப்பம் என்று ஏற்பாடு. டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் எழுதிய பொன்னோலை இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. வாசகம் தமிழில், கையெழுத்து தெலுங்கில். வேறு ஊர்க்காரர்களுக்கு இது விந்தையாக இருக்கலாம். ஓசூர்ச் சந்தையில் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் கடன் சொல்லிவிட்டு வருகிறவர்களைப் பார்த்த எனக்கு அது வீட்டுச் சமாசாரம்.

வந்தவர்களில் நல்லவர்களும் உண்டு. 1706-ல் வந்த சீகன்பால்கு என்ற பாதிரியார், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் 'அ, ஆ' எழுதிப் பழகினார். அவருடைய அச்சுக்கூடத்தில் தமிழ் எழுத்துக்கள் காகிதத்தில் ஏறின. அவரையும் டேனிஷ் அதிகாரிகளே இந்தக் கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார்கள்!

கடைசியில் 1845-ல், தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் புறப்பட்டார்கள். கப்பம் கட்டிக் குடியிருக்க வந்தவர், வீட்டையே விற்றுவிட்டுப் போன கதை இது.

பனிக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கிழவர் ஒருவர் மணலில் அமர்ந்து வலையைச் சீர்செய்துகொண்டிருந்தார். பேச்சுவாக்கில் இந்த விற்பனைக் கதையை அவரிடம் சொன்னேன். அவர் கை நின்றது.

"வித்தாங்களா? யாரைக் கேட்டு?"

எத்தனையோ சரித்திரப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. பொன்னோலையிலும் விற்பனைப் பத்திரத்திலும் ராஜாக்கள் இருக்கிறார்கள், கம்பெனிகள் இருக்கின்றன. வலை பின்னுகிறவனின் சம்மதத்துக்கு எந்தக் காகிதத்திலும் இடம் விடவில்லை.

2004-ஆம் ஆண்டு, இதே மார்கழியில் வந்த சுனாமியைப் பற்றி மெல்லக் கேட்டேன். கோட்டை நின்றுவிட்டது, அதன் காலடியில் வாழ்ந்த குடும்பங்கள்தாம் போயின. அவர் பதில் சொல்லவில்லை. நானும் மேலே கேட்கவில்லை.

வெயில் ஏற, பனி மெதுவாக விலகிற்று. அலை ஓரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் தெரிந்தது. 1306-ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர் வழங்கிய காலம் அது. அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது.

கிழவர் வலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கோயில் பக்கம் கையைக் காட்டினார்.

"சாமி வீட்டையே கேக்காமத்தான் எடுத்துக்கிச்சு, ஐயா. ஆனா ஒண்ணு, கடலு யாருக்கும் விக்கல" என்றார்.

பிறகு தண்ணீரை நோக்கி நடந்தார்.