குத்தகை பாக்கியும் எழுதப்படாத கணக்கும்



பேசியபடி குத்தகை அளக்காத சாகுபடியாளரை நிலவுடைமையாளர் என்ன செய்யலாம்? சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. தஞ்சை வட்டாரத்தின் சாதி வேறொரு விடை வைத்திருந்தது. இரண்டுக்கும் இடையில் நம் மக்கள் எங்கே நின்றார்கள் என்பதையே இன்று பேச விரும்புகிறோம்.

1952-இல் தஞ்சை மாவட்டத்துக்கென்று குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே இருவர் இருக்கிறார்கள். நம்மவரில் மிகப் பலர் இரண்டாமவராகவே இருந்தோம். பண்ணையாளுக்கு நிலத்தில் குத்தகை உரிமை கிடையாது.

1955-இல் வந்த சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் மிராசுதாரின் கையை ஓரளவு கட்டியது. தவணை கடந்து ஒரு மாதமாகியும் குத்தகை வராவிட்டால் அவர் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம்; தானே இறங்கி வெளியேற்ற முடியாது. கோட்டாட்சியர் இரு தரப்பின் நிலைமையையும் பார்த்து, பாக்கியைக் கட்ட அவகாசம் தரலாம். அதற்குள் கட்டிவிட்டால் வெளியேற்றம் இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், உடலுழைப்பைத் தந்து பயிரிடுபவர் குத்தகைதாரரே என்றும் அச்சட்டம் ஏற்றது. 1956-இன் நியாய வாரச் சட்டம் நன்செய்க்கு விளைச்சலில் 40 விழுக்காடு என வரம்பு கட்டியது.

நல்ல சட்டங்கள்தாம். ஆனால் களத்துமேட்டில் மிராசுதாரின் மரக்காலால் அளந்து கொடுத்த நெல்லுக்கு ரசீது ஏது? குத்தகை வாய்ப்பேச்சு, கணக்கு அவர் ஏட்டில். ‘பாக்கி’ என்று அவர் சொன்னால் பாக்கி. கொடுத்ததை நிரூபிக்கும் பாரம் கொடுத்தவர் தலையில். குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டமே 1969-இல்தான் வந்தது.

இன்னொரு பிடியும் இருந்தது. சேரியின் வீடுகள் பல மிராசுதாரின் மனைக்கட்டில் நின்றன. கூரை அவர் மண்ணில் இருக்க, அவர்மேல் மனுப் போட யார் துணிவார்? குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க 1961-இலும், அந்த மனையை உரிமையாக்க 1971-இலும் தனிச் சட்டங்கள் தேவைப்பட்டதற்கு இதுவே காரணம். இடையில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அங்கே வழக்கு குத்தகையல்ல, கூலி. ஆனால் சட்டத்துக்கு வெளியே நிலவுடைமை எதுவரை போகும் என்பதை அந்த இரவு காட்டியது.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘குத்தகை பாக்கிக்காக வெளியேற்றப்பட்டார்’ என்று ஆவணத்தில் படித்தால் அங்கே நின்றுவிடாதீர்கள். அளந்தது யார், எழுதியது யார், ரசீது இருந்ததா, வீடு யார் மனையில் இருந்தது என்று கேளுங்கள். ஊரில் இன்றும் வாய்ப்பேச்சில் பயிரிடும் நம்மவரிடம் சொல்லுங்கள்: கொடுக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தாலும், ரசீது தர மறுத்தாலும், உரிய அதிகாரியிடம் குத்தகையைச் செலுத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்த அவர்களோடு நாமும் போவோம்.