செத்த விண்டோஸுக்கு லைசன்ஸ் வாங்குறதா?

கொட்டாஞ்சேனையில ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கு. கலியாணக் காட், பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி, 31ஆம் நாள் நினைவு மலர் என்று வேலை போகும். கடையில் கணினி மூன்று. அதில் மூலையில் இருக்கிறதை வேற யாரும் தொடக்கூடாது. அதில் ஓடுவது விண்டோஸ் எக்ஸ்பி, அதுக்குள்ள பேஜ்மேக்கர், அதுக்குள்ள பாமினி எழுத்துரு. 2004இல் இருந்து அவர் செய்த நினைவு மலர் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான்.

இந்த வருஷம் ஒரு கம்பனி கலண்டர் ஓடருக்கு முதல் ஒரு படிவம் அனுப்பியிருந்தது. கடையில் பாவிக்கிற மென்பொருள் எல்லாத்துக்கும் லைசன்ஸ் இருக்கா என்று அதில் ஒரு கேள்வி. எக்ஸ்பி எந்தக் காலத்திலோ யாரோ குடுத்த சீடியில் இருந்து ஏத்தினது. அன்றைக்கு இரவு சித்தப்பா வெள்ளவத்தைக்கு எனக்கு போன் பண்ணினார்.

"தம்பி, நீ கம்பஸ்ல படிக்கிறனி. மைக்ரோசொஃப்டே கைவிட்ட சாமானுக்கு நான் காசு குடுத்து லைசன்ஸ் எடுக்கிறதோ?"

நான் படிக்கிறது கணினி இல்லை சித்தப்பா, வரலாறு என்றேன்.

"அப்ப வரலாற்றைப் பார்த்துச் சொல்லு."

பார்த்தேன்.

எக்ஸ்பி வந்தது 2001 ஒக்டோபர் 25. புரொஃபெஷனல் பதிப்பின் விலை அமெரிக்காவில் 299 டொலர். அப்ப ஒரு டொலர் ஏறத்தாழ 90 ரூபாய். அதாவது 27,000 ரூபாய்க்குக் கிட்ட, அதுவும் வெறும் ஒரு சீடிக்கு. வாங்கின பிரதியை மைக்ரோசொஃப்டிடம் பதிந்து "அக்டிவேட்" பண்ணச் சொன்ன முதல் விண்டோஸும் இதுதான். ஆனால் பெரிய நிறுவனங்களுக்கென்று குடுத்த பிரதிக்கு அந்தப் பதிவு தேவையில்லை. அப்படியொரு பிரதியின் இலக்கம் வெளியே கசிந்தது, உலகம் முழுக்கப் போனது. கொட்டாஞ்சேனைக்கும் வந்தது.

இலங்கையில் புலமைச் சொத்துச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கம், கணினி நிரலையும் புத்தகம் மாதிரியே பதிப்புரிமை உள்ள ஆக்கமாகச் சொல்லுது. ஆக, சித்தப்பா அந்தச் சீடியைப் போட்ட நேரம் சட்டம் இருந்தது. 2011இல் இங்கே இருந்த மென்பொருளில் 100க்கு 84 லைசன்ஸ் இல்லாதது என்று மென்பொருள் கம்பனிகளின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. கணக்குச் சொன்னது. விற்கிறவர்கள் போட்ட கணக்கு, கொஞ்சம் உப்புப் போட்டுத்தான் சாப்பிடணும். ஆனாலும் எங்கட வீட்டிலயும் பக்கத்து வீட்டிலயும் இருந்ததை நினைச்சால் பெரிசா மறுக்க ஏலாது.

சரி, புதுசுக்கு மாறினால் முடிஞ்சுதே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தடை பாமினி. அது உண்மையில் ஆங்கில எழுத்துக்கு தமிழ் உடுப்புப் போட்ட எழுத்துரு. "தமிழ்" என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. கணினிக்குத் தெரிந்தது அந்த ஆங்கில எழுத்துகள் மட்டும்தான். பாமினி இல்லாத இடத்தில் அந்தக் கோப்பைத் திறந்தால் அம்மம்மாவின் வாழ்க்கை வரலாறு முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலக் குவியல்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. யூனிகோடில் தமிழ் 1991இல் முதல் பதிப்பிலேயே வந்திட்டுது. விண்டோஸ் 2000இலேயே லதா எழுத்துருவோட தமிழ் உள்ளே இருந்தது. சிங்களம் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது விஸ்டாவில்தான். ஒரு தடவையாவது நாங்கள் முந்தியிருந்தோம்! ஆனால் அச்சகக்காரருக்கு அது உதவவில்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது. அதன் கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001இல், அதுக்குப் பிறகு அடோப் அதைத் தொடரவில்லை. பாமினி விசைப்பலகை பழைய தட்டச்சுப் பொறியை ஒட்டினது என்பதால் விரலும் அதில் பழகிப்போச்சு. சித்தப்பா திரையைப் பாராமலே அடிப்பார்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் நின்றது. எல்லாருக்கும் நின்றதா என்றால் இல்லை. பிரித்தானிய அரசாங்கம் 55 லட்சம் பவுண்ட் அளவில் குடுத்து தன்னுடைய பொதுத்துறைக்கு இன்னும் ஒரு வருஷம் வாங்கியது. அடுத்த வருஷம் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. 2017 மே மாதம் வன்னாக்ரை வந்து அங்கத்தைய வைத்தியசாலைகளை முடக்கினது. உடனே "பாத்தியா, எக்ஸ்பி" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பிறகு வந்த தணிக்கை அறிக்கையைப் பார்த்தால், தொற்றினதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதுக்கு அப்ப ஆதரவு இருந்தது, மார்ச் மாதமே திருத்தமும் வந்திருந்தது. ஏத்தத்தான் இல்லை. மைக்ரோசொஃப்ட் அந்த மே மாதம் கைவிட்ட எக்ஸ்பிக்கும் இலவசமாகத் திருத்தம் குடுத்தது. லைசன்ஸ் வேற, ஆதரவு வேற, ஆதரவைப் பாவிக்கிறது வேற என்று எனக்கு விளங்கினது இந்த இடத்தில்தான்.

சித்தப்பாவுக்கு நான் இப்படிச் சொன்னேன்: "லைசன்ஸ் எடுத்தால் வைரஸ் நிக்காது. அது பாவிக்கிறதுக்கான அனுமதி மட்டும்தான். உங்களுக்கு வேணும் என்றது என்ன, பாதுகாப்பா, படிவத்தில் பொய் எழுதாமல் இருக்கிறதா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டும்" என்றார்.

பாதுகாப்பு சுகமாக முடிஞ்சுது. அந்தப் பெட்டியின் நெட்வேர்க் வயரைக் கழட்டினோம். ஆட்கள் கொண்டுவாற பென் ட்ரைவ்தான் உண்மையான ஆபத்து. இனி அது முதலில் லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினிக்குப் போகும். மற்ற இரண்டு கணினியிலும் விண்டோஸ் 10. அதுக்கும் 2025 ஒக்டோபர் 14ஓடு ஆதரவு முடிஞ்சுது. ஒரு வருஷம் நீட்ட 30 டொலர் கேட்டார்கள், அப்ப அது ஏறத்தாழ 9,000 ரூபாய். மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைச் சேமிச்சால் காசில்லாமலும் குடுத்தார்கள், அதை எடுத்தோம்.

லைசன்ஸ்தான் இழுத்தது. எக்ஸ்பியைக் கடைகளுக்கு விற்கிறதை மைக்ரோசொஃப்ட் 2008 ஜூன் மாதத்தோடு நிறுத்திட்டுது. இப்ப இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கிறது 25 எழுத்துள்ள ஒரு இலக்கம். யாருடைய கணினிக்குக் குடுத்ததோ தெரியாது. அதை வாங்கினால் காசும் போகும், படிவத்தில் எழுதுறதும் பொய்யாகவே இருக்கும். முதல் சீடியாவது ஓசி.

வழி வேற இடத்தில் இருந்தது. விண்டோஸ் 7 புரொஃபெஷனலோடு வந்த கணினிக்கு, விரும்பினால் எக்ஸ்பி புரொஃபெஷனலுக்கு இறங்கிப் பாவிக்கிற உரிமையும் சேர்ந்தே வந்தது. அந்த லைசன்ஸ் ஆளோடு இல்லை, பெட்டியோடு ஒட்டினது, பக்கத்தில் ஸ்டிக்கராகவே இருக்கும். அலுவலகங்கள் கழிக்கிற பெட்டிகளில் அந்த ஸ்டிக்கரோடு கிடைக்குது. ஒரிஜினல் எக்ஸ்பி சீடி ஒன்று மாமியின் பழைய கணினியோடு வந்தது அலுமாரியில் கிடந்தது. செத்த சாமானுக்கு லைசன்ஸ் வாங்காமல், உயிரோட இருந்த காலத்தில் யாரோ நேர்மையாக வாங்கின பெட்டியை வாங்கினோம்.

பேஜ்மேக்கருக்கும் இதே கேள்வி இருக்கு. அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சித்தப்பாதான் படிவத்தை எடுத்து அந்த வரியில் "இல்லை" என்று எழுதினார். கலண்டர் ஓடர் இன்னும் வரவில்லை.

சனிக்கிழமைகளில் நான் இப்ப கொட்டாஞ்சேனைக்குப் போய் நினைவு மலர்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாத்துறேன். மாத்தியில் போட்டால் ஆங்கிலத்தில் இருந்த இனிஷியலும் லண்டன் விலாசமும் சேர்ந்து தமிழ்க் குழப்பமாகிடும், கையால் திருத்தணும். போன கிழமை திறந்தது 2005இல் அடிச்ச ஒரு ஆச்சியின் மலர். கடைசிப் பக்கத்தில் நாலு தலைமுறை வம்சாவளி, இடம்பெயர்ந்த ஊர்களின் பேரோடு. அந்தக் குடும்பத்திடம் இப்ப அச்சுப் பிரதி ஒன்றும் இல்லையாம், கனடாவில் இருந்து மகள் போன மாதம் கடைக்கு எடுத்துக் கேட்டிருக்கிறா. அதை முதலில் முடிக்கச் சொல்லி சித்தப்பா சொன்னார், இன்னும் பதினொரு பக்கம் இருக்கு.