பெட்டி மேல் ஒரு பெயர்

ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பொம்மை வியாபாரிகளின் பெரும் சந்தை கூடும். 1988இல் அங்கே வந்திருந்த 13 பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லோரும் பலகை விளையாட்டுகளை யோசித்து உருவாக்குபவர்கள். எல்லோருக்கும் ஒரே மனக்குறைதான். மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு விளையாட்டைச் செய்வது இவர்கள்; கடையில் விற்கும் பெட்டியில் இருப்பதோ நிறுவனத்தின் பெயர் மட்டும். பீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றை எடுத்தார்கள். பெட்டியின் மேல்பக்கத்தில் பெயர் போடாத நிறுவனத்துக்கு இனி யாரும் விளையாட்டு கொடுப்பதில்லை என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கோட்டிங்கென் நகரத்துப் புவி அறிவியலாளரும் விளையாட்டுப் படைப்பாளியுமான ரைன்ஹோல்ட் விட்டிக் அவர்களில் ஒருவர்.

இன்று உலகம் முழுக்க ‘நவீன போர்டு கேம்’ என்ற பெயரில் விற்கும் பெட்டிகளில் ஆக்கியோன் பெயர் கொட்டை எழுத்தில் இருப்பதற்கு அந்த அட்டை ஒரு முக்கியக் காரணம்.

பெயர் போடச் சொல்வது நமக்கு விசித்திரமாகப்படலாம். தாயத்தை உருவாக்கியவர் யார், பல்லாங்குழியை உருவாக்கியவர் யார் என்று எந்தப் பாட்டியிடமும் நாம் கேட்டதில்லை. திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையைக் காயாக வைத்து ஆடுகிற விளையாட்டுக்குப் பெட்டியே கிடையாது. பெயரை எங்கே போடுவது? ஐரோப்பாவிலும் வெகுகாலம் இதே நிலைதான். தாயத்துக்கு உறவுக்காரனான பச்சீசி இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போய், 1896இல் இங்கிலாந்தில் ‘லூடோ’ என்ற பெயரில் காப்புரிமை பெற்றது. சோழிகள் போய் ஒற்றைப் பகடை வந்தது.

ஜெர்மனிக்கு அந்த விளையாட்டு இன்னொரு பெயரில் போய்ச் சேர்ந்தது. மியூனிக்கைச் சேர்ந்த யோசஃப் ஃபிரீட்ரிக் ஷ்மிட் என்பவர் 1907–08 வாக்கில் அதை இன்னும் எளிமையாக்கினார். ‘மனிதா, கோபப்படாதே’ என்ற பொருளில் பெயரும் வைத்தார். வெட்டுப்பட்ட காய் திரும்பவும் முதலிலிருந்து புறப்பட வேண்டும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் நியாயம் புரியும். முதல் உலகப் போர் வந்தபோது ராணுவ மருத்துவமனைகளுக்கு 3,000 பெட்டிகளை அவர் அனுப்பிவைத்தார். காயம்பட்ட சிப்பாய்கள் படுக்கையில் ஆடிப் பழகி, ஊர் திரும்பியதும் வீட்டாருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். ஷ்மிட்டின் பெயர் ஒரு நிறுவனத்தின் பெயராகப் பெட்டியில் ஏறியது. அதற்கு மூலமான இந்திய விளையாட்டை ஆக்கியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆனால் விளையாட்டையும் புத்தகத்தையும் ஒரே தட்டில் வைக்கும் பழக்கம் ஜெர்மனியில் ஏற்கெனவே வேர்விட்டிருந்தது. புத்தகப் பதிப்பகத்தை அங்கே ‘ஃபெர்லாக்’ என்பார்கள். பலகை விளையாட்டு வெளியிடும் நிறுவனத்துக்கும் அதே சொல்தான். ராவென்ஸ்பர்க் ஊரில் 1883இல் ஓட்டோ மையர் தொடங்கிய பதிப்பகம், மறுவருடமே ஜூல் வெர்னின் 80 நாள் உலகப் பயணக் கதையை ஒட்டி ஒரு விளையாட்டை வெளியிட்டது. ஸ்டுட்கார்ட்டின் கோஸ்மோஸ் நிறுவனமும் அறிவியல் நூல்கள் வெளியிட்டுப் பெயர் வாங்கியதுதான்.

பதிப்பகம் இருந்தால் விமர்சகர் வேண்டாமா? 1978இல் விளையாட்டுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிவந்தவர்கள் சிலர் கூடி ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’, அதாவது ‘ஆண்டின் சிறந்த விளையாட்டு’ என்ற விருதை ஏற்படுத்தினார்கள். நடுவர் குழுவில் விமர்சகர்களுக்கு மட்டுமே இடம். விற்பவர்களுக்கும் படைப்பவர்களுக்கும் கிடையாது. பரிசுப் பணமும் இல்லை. சிவப்புக் காய் ஒன்று நிற்கும் முத்திரையைப் பெட்டியில் அச்சிட்டுக்கொள்ளலாம், அதற்கும் நிறுவனம்தான் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன் கடைக்குப் போகும் ஜெர்மன் தாய் தகப்பன்மார் அந்தச் சிவப்புக் காயைத் தேடித்தான் பெட்டியை எடுப்பார்கள். சில ஆயிரம் விற்கும் விளையாட்டு, விருது கிடைத்தால் லட்சக்கணக்கில் விற்கும்.

1979இல் முதல் விருதைப் பெற்றது ஓர் ஆங்கிலேயரின் படைப்பு: டேவிட் பார்லெட்டின் ‘முயலும் ஆமையும்’. ஓட்டப்பந்தய விளையாட்டுதான், ஆனால் நகரப் பகடை உருட்டுவது கிடையாது. நகர்வதற்குக் கேரட் செலவழிக்க வேண்டும். ஒரு கட்டம் நகர ஒரு கேரட், இரண்டு கட்டத்துக்கு 3, மூன்றுக்கு 6. இப்படியே ஏறிப் பத்துக் கட்டம் தாவ 55 கேரட் ஆகும். பாய்ந்து ஓடுபவன் பாதி வழியில் பையைத் தடவிக்கொண்டு நிற்பான். ஜெயித்தாலும் தோற்றாலும் ‘பகடை சரியாக விழவில்லை’ என்று சாக்குச் சொல்ல முடியாது. ஆடுபவரின் கணக்கே அவரை நடத்தும். அடுத்த 20 ஆண்டுகளில் ஜெர்மன் விளையாட்டுகள் பிடித்துக்கொண்ட பாதை இதுதான்.

அந்தப் பாதையில் போருக்கு அதிக இடமில்லை. இரண்டு உலகப் போர்களில் நொறுங்கிய நாட்டில், படையெடுத்து ஊர் பிடிக்கும் விளையாட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்கப் பெற்றோர் தயங்கினார்கள். உலக வரைபடத்தின் மேல் படை நகர்த்தும் ‘ரிஸ்க்’ விளையாட்டின் ஜெர்மன் பதிப்பில், நாடுகளைக் ‘கைப்பற்று’ என்றிருந்த விதி 1980களில் ‘விடுதலை செய்’ என்று மாற்றப்பட்டது! உள்ளூர்ப் படைப்பாளிகள் வேறு வழி பார்த்தார்கள். கட்டுவது, விதைப்பது, பண்டம் மாற்றுவது, ஏலம் கேட்பது ஆகியவை ஆட்டத்தின் வேலைகளாயின. யாரும் பாதியில் வெளியேற வேண்டாம். கடைசி வரை எல்லோரும் மேசையில் இருப்பார்கள். பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆட்டம் முடியும். வொல்ஃப்காங் கிராமர் பலகையின் நான்கு ஓரத்திலும் எண்கள் ஓடும் ஒரு மதிப்பெண் பாதையை வைத்தார். யார் முன்னால், யார் பின்னால் என்பது சதா கண்ணில் படும். அந்த ஓரத்துக்கு இன்றும் ‘கிராமர் பட்டை’ என்றே பெயர். விருதை ஐந்து முறை வென்றவர் அவர்.

1983இல் ‘ஷ்பீல்பாக்ஸ்’ பத்திரிகை வாசகர்களின் சந்திப்பாக எஸ்ஸன் நகரத்தின் முதியோர் கல்விக்கூடம் ஒன்றில் தொடங்கிய விளையாட்டுக் கண்காட்சி, பின்னாளில் நகரின் கண்காட்சி வளாகத்தையே நிரப்பியது. 2019இல் நான்கு நாளில் 2 லட்சத்து 9 ஆயிரம் பேர் வந்தார்கள். வந்தவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவதில்லை. ஒவ்வொரு கடையிலும் மேசை போட்டிருக்கும். உட்கார்ந்து ஆடிப் பார்த்த பிறகு வாங்கலாம்.

இந்தச் சூழலில்தான் கிளவுஸ் டாய்பர் வந்தார். டார்ம்ஷ்டாட் பக்கத்தில் பல்செட் செய்துதரும் கூடம் நடத்திவந்தவர். பகலில் அந்த வேலையின் நெருக்கடி. இரவில் வீட்டு நிலவறையில் அட்டையும் கத்தரிக்கோலும். மனைவியும் பிள்ளைகளும்தான் முதல் சோதனை ஆட்டக்காரர்கள். களிமண்ணால் உருவம் பிடித்து விடுகதை போடும் ‘பார்பரோசா’ என்ற அவருடைய விளையாட்டு விருது பெற்றது 1988இல், பீர் அட்டையில் கையெழுத்து விழுந்த அதே ஆண்டில்.

1990, 1991 விருதுகளும் அவருக்கே. அப்போது அவர் மனதில் ஒரு பெரிய விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது: ஆளில்லாத தீவுக்குப் போய்க் குடியேறும் வைக்கிங்குகளின் கதை. அது ஒரு பெட்டியில் அடங்கவில்லை. நான்கு ஆண்டு வெட்டி ஒட்டிப் பார்த்து, கடைசியில் மூன்று விளையாட்டாகப் பிரித்தார். அதில் ஒன்றுதான் 1995இல் கோஸ்மோஸ் வெளியிட்ட ‘கடான்’.

கடானின் தீவு 19 அறுகோண அட்டைகளால் ஆனது. அவற்றைக் கலைத்து அடுக்குவதால் ஒவ்வொரு முறையும் புதுத் தீவு பிறக்கும். பாலைவனத்தைத் தவிர ஒவ்வொரு அட்டையிலும் ஓர் எண் உண்டு. இரண்டு பகடையின் கூட்டுத்தொகை அந்த எண்ணாக வந்தால், அதன் ஓரத்தில் வீடு கட்டியவருக்குச் செங்கல், மரம், கம்பளி, தானியம், தாது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கிடைக்கும். பகடையை யார் உருட்டினாலும், எல்லோருக்கும் வரவு வரலாம். அதனால் அடுத்தவர் ஆடும்போது யாரும் எழுந்து காபி குடிக்கப் போவதில்லை. பிறகு தொடங்கும் பேரம்: ‘ரெண்டு கம்பளி தர்றேன், ஒரு செங்கல் கொடு.’ ஆட்டத்தின் உயிரே அந்தச் சந்தை இரைச்சல்தான்.

முதல் பதிப்பின் 5,000 பெட்டிகளும் விரைவில் தீர்ந்தன. பின்னாளில் 40க்கும் மேற்பட்ட மொழிகளில் 4 கோடிக்கு மேல் விற்பனை. இருந்தும் டாய்பர் பல்செட் கூடத்தை மூடிவிடவில்லை. அதை விட்டு முழுநேரமாக விளையாட்டுக்கு வர 1990களின் இறுதி வரை காத்திருந்தார். விளையாட்டைச் செய்து குடும்பம் நடத்தலாம் என்பதை அந்த வெற்றி நாயகனே உடனடியாக நம்பவில்லை.

புதிதாக ஆட வருபவர்கள் கடானில் செய்யும் தவறு ஒன்று உண்டு: தாது கிடைக்கிறதே என்று 2, 12 ஆகிய எண்களின் பக்கத்தில் வீடு கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பது. இரண்டு பகடை விழும் 36 விதங்களில் அந்த எண்கள் தலா ஒரு முறைதான் வரும். சிவப்பில் அச்சிட்ட 6, 8 தலா ஐந்து முறை. இதில் பழுத்தவர்கள் புதியவரிடம் முதலில் கடானை நீட்டுவதில்லை. இசை ஆசிரியரான கிளவுஸ்-யுர்கன் வ்ரேடெ தெற்குப் பிரான்ஸின் கோட்டை நகரைப் பார்த்துவிட்டு வந்து செய்த ‘கார்கஸோன்’ அதற்கு ஏற்றது. சதுர அட்டை ஒன்றை எடுத்து, சாலையும் மதிலும் பொருந்துமாறு வைத்தால் போதும். விதிகளைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். 2001இல் சிவப்புக் காய் அதற்குத்தான். அடுத்து ஆலன் மூனின் ‘டிக்கெட் டு ரைட்’: சீட்டுச் சேர்த்து ரயில் பாதை போடுவது, 2004இன் விருது. இந்த இரண்டும் ஆடிப் பழகிய பின் கடான். கிராமரும் ரிச்சர்ட் உல்ரிக்கும் சேர்ந்து செய்த ‘எல் கிராண்டே’ அதற்கும் அப்புறம். ஸ்பெயினின் மாகாணங்களில் செல்வாக்குக்குப் போட்டியிடும் அந்த ஆட்டத்தில் ஒரு மாலைப் பொழுதின் பெரும்பகுதி போய்விடும்.

பீர் அட்டையில் கையெழுத்துப் போட்டவர்களின் கோபம் 1991இல் ஒரு சங்கமாக உருவெடுத்தது. விளையாட்டுப் படைப்பாளிகளுக்கான அந்தச் சங்கம் ஒப்பந்தம், ராயல்டி, பெயர் போடுதல் ஆகியவற்றுக்காக இன்றும் பேரம் பேசுகிறது. டாய்பர் 2023 ஏப்ரல் 1 அன்று இறந்தார். அடுத்த ஆண்டு, காற்றாலையும் சூரிய மின்சாரமும் வைத்துக் கடானைப் புதிதாக ஆடும் ‘நியூ எனர்ஜிஸ்’ வெளியானது. நிலவறையில் அப்பாவின் முதல் அட்டைகளை வைத்து ஆடிய பிள்ளைகளில் ஒருவர் பெஞ்சமின். அந்தப் பெட்டியின் மேல் அப்பா பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது.